நாற்பத்திரண்டு வெள்ளைக் குடைகள்

இந்தக் காலத்தில் யாரையும் எண்ணக் கூடாது. எண்ணினால் கோபம் வந்துவிடுகிறது. நான் முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவன். கட்டட வேலைக்கு ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன நாட்களில், கிளம்பும்முன் ஒவ்வொரு தலையாகத் தட்டி எண்ணுவேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. எண்ணாமல் கிளம்பினால்தான் என்னைத் திட்டுவார்கள். இப்போது காசு கொடுத்து வண்டி ஏறியவரிடம் விரலை நீட்டிப் பாருங்கள், நாங்கள் என்ன ஆட்டு மந்தையா என்று கேட்பார். அப்படிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்துதான் ஒரு கம்பெனி, ஆளை எண்ணாமல் குடையை எண்ணியது.

போன வாரத்தை விட்டவர்களுக்கு மட்டும் நாலு வரி. என் மூத்த மகள் சொகுசு ரயிலில் வேலை செய்கிறாள். மலையில் ஏறி இறங்கி, பாலைவனத்தைக் குறுக்கே கடந்து போகிற ரயில். பயணிகளை உபசரிக்கும் பெண்களுக்கெல்லாம் இவள்தான் மேற்பார்வை. பத்து வருஷம் வேலை பார்த்தவர்களின் வீட்டார் இரண்டு பேருக்கு ஒரே ஒரு தடவை இலவசச் சீட்டு உண்டு. எனக்கும் என் மனைவிக்கும் வந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மனைவி குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். சீட்டு வீணாகப் போகக் கூடாதென்று தன் அண்ணனை என் தலையில் கட்டி அனுப்பினாள். எனக்கும் என் மச்சானுக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும், இவளுக்கும் தெரியும். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு கதவுவரை வந்து, "அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கு. நேரத்துக்குச் சாப்பிட வைங்க. விட்டுட்டு வந்துடாதீங்க," என்றாள். விட்டுவிட்டு வருவதற்கு அவர் என்ன பையா என்று கேட்டேன்.

முதல் நாள் மலையேற்றம் நல்லபடியாக முடிந்தது. இது இரண்டாம் நாள்.

காலையில் வண்டி மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எல்லாரும் அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைத்தான் படம் பிடித்தார்கள். ஸ்டியரிங் இல்லாத வண்டியை நான் நம்புவதில்லை. கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மச்சான் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் மணி அடித்தவர். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி ஓயவில்லை. வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வெளியே வந்ததும், "ரெண்டு நிமிஷம், பத்து செகண்டு," என்று அறிவிப்பார். பதினோரு சுரங்கத்துக்கும் அறிவித்தார். பன்னிரண்டாவதில் எனக்குப் பொறுக்கவில்லை. இருட்டையாவது நிம்மதியாகப் பார்க்க விடுங்கள் என்றேன்.

"கல்யாணத்துக்கே ஒன்றரை மணி நேரம் லேட்டா வந்த ஆளுக்கு நேரத்தோட அருமை எங்க தெரியப்போவுது மாப்ள," என்றார்.

லாரி பழுதாகிவிட்டது என்று முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் நம்பவில்லை. அதன்பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பதினொன்று இருபதுக்கு வண்டி மணலில் நின்றது. ஸ்டேஷன் கிடையாது. ஒரு காலத்தில் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த இரும்புத் தொட்டி ஒன்று நாலு காலில் துருப்பிடித்து நிற்கிறது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல் மேடு. நாற்பது நிமிஷம் இறங்கி நடக்கலாம், படம் எடுக்கலாம் என்றார்கள்.

இறங்கும்போது ஆளுக்கு ஒரு வெள்ளைக் குடை கொடுத்தார்கள். குடைக் காம்பில் அவரவர் இருக்கை எண் இருக்கிறது. எனக்குப் பதினேழு, மச்சானுக்குப் பதினெட்டு. ஏறும்போது படிக்கட்டில் என் மகள் நிற்பாள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவர் கையிலிருந்தும் குடையை வாங்கி, எண் போட்ட துளைகள் உள்ள ஒரு பலகையில் செருகுவாள். நாற்பத்திரண்டு துளையும் நிரம்பினால் கார்டுக்குப் பச்சைக் கொடி காட்டுவாள். வண்டி கிளம்பும். பயணிகளை அவர்கள் கண்ணெதிரே எண்ணக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். குடை எண்ணப்படுவது யாருக்கும் தெரியாது. கெட்டிக்காரத்தனம் என்று அவர்களுக்கு நினைப்பு.

பதினொன்றே முக்காலுக்கு மச்சான் தொட்டியின் நிழலில் நின்று சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்ததால் சரியாக அரைமணி முன்னால் போட்டார். பிறகு என்னிடம் குடையை நீட்டினார். ஒதுங்கிவிட்டு, செருப்புக்குள் போன மணலையும் உதறிவிட்டு வருவதாகச் சொல்லித் தொட்டிக்குப் பின்னால் போனார்.

நான் நிற்கவில்லை. அவருடைய குடையைத் தூக்கிக்கொண்டு நிற்க நான் என்ன அவர் பள்ளிக்கூடத்துப் பையனா என்று கோபம். படிக்கட்டுக்கு வந்தேன். என் மகளிடம் அப்போது ஒரு அம்மாள் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினேழையும் பதினெட்டையும் நானே துளையில் செருகிவிட்டு உள்ளே போனேன். மகள் பார்த்தாள். வேறு யாராவதாக இருந்தால் தடுத்திருப்பாள். அப்பாவைத் தடுக்கவில்லை.

பன்னிரண்டுக்கு வண்டி கிளம்பியது.

*

சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பசித்தால் தானாக வருவார் என்று நினைத்தேன். சூப் வந்தது, குடித்தேன். ரொட்டி வந்தது, தின்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். முக்கால் மணி நேரம் நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. முதலில் போய்ப் பேசுகிறவன் தோற்றவன் என்பது எங்கள் இருவருக்கும் உள்ள பழைய கணக்கு.

ஒரு மணிக்கு அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு போகலாமா என்று பணிப்பெண் கேட்டாள். அப்போதுதான் எனக்குள் என்னவோ நழுவியது. மாத்திரை போட்ட மனிதர். பசி தாங்காத மனிதர்.

கண்ணாடிப் பெட்டியில் அவர் இல்லை. எங்கள் அறையில் இல்லை. நாலு கழிப்பறைக் கதவையும் தட்டினேன். மூன்று திறந்துகொண்டன. நாலாவதிலிருந்து வேறு யாரோ கனைத்தார்கள். அவருடைய தண்ணீர்ப் புட்டி இருக்கையில் முழுசாக இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மணல் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பவர்களுக்காக வண்டியை மாட்டு வண்டி மாதிரி உருட்டிக்கொண்டு போனார்கள். என் மகளைப் பணியாட்கள் அறையில் பிடித்தேன்.

"மாமா வண்டியில இல்லம்மா," என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். பதினெட்டாம் எண் குடையும் வந்ததே என்றாள்.

"நான்தான் வச்சேன். ரெண்டையும் நான்தான் வச்சேன்."

சிரிப்பு முகத்தில் இருந்தபடியே உயிர் மட்டும் அதிலிருந்து போய்விட்டது. சுவரில் இருந்த போனை எடுத்து கார்டிடம் பேசினாள். பின்னாலேயே ஒரு சரக்கு ரயில் வருகிறது, ஒற்றைத் தண்டவாளம், பின்னால் போக வழியில்லை, பதினைந்து நிமிஷத்தில் ஸ்டேஷன் வரும், அங்கேதான் நிறுத்த முடியும் என்றார் கார்டு. சரக்கு ரயில் டிரைவருக்குத் தகவல் சொல்லச் சொன்னாள். பேசி முடித்துப் போனை மாட்டினாள். இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாவது தடவைதான் கொக்கியில் மாட்டியது.

"தண்டவாளத்துமேல உட்கார்ந்திருந்தா என்னப்பா பண்றது," என்றாள். "மயக்கம் வந்தா அவருக்கு எங்க உட்கார்றோம்னே தெரியாதே."

எனக்கு அதுவரை அந்த நினைப்பு வரவில்லை. அதற்கப்புறம் வேறு நினைப்பு வரவில்லை.

*

அந்த ஸ்டேஷனில் ஒரு அறை, ஒரு பெஞ்சு, ஒரு கை பம்பு, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். ஒன்றரைக்கு இன்னொரு தண்டவாளத்தில் எங்கள் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்கள். பயணிகளுக்கு எஞ்சினில் சின்னப் பழுது என்று சொல்லிப் பழரசம் கொடுத்தார்கள். அவர்கள் அதையும் படம் எடுத்தார்கள்.

வண்டியின் மேனேஜர் இறங்கி வந்தார். அந்த வெயிலிலும் கோட்டின் பித்தானைக் கழற்றாத ஆள். பேச்சு பஞ்சு மாதிரி இருக்கும். என் மகளை ஒரு கேள்வி கேட்டார், குடையை யார் கையிலிருந்து வாங்கினீர்கள் என்று. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு சொன்னேன், செருகியது நான் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். அவளுக்கு வேலை போய்விடும் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வெயில்தான் பெரிதாகப் பட்டது. தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

தண்டவாளம் பார்க்கும் மோட்டார் ட்ராலி ஒன்று அங்கே இருந்தது. உடனே அனுப்புங்கள் என்றேன். சரக்கு ரயில் உள்ளே வராமல் அனுப்ப முடியாது, எதிரெதிரே மோதிவிடும் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். நியாயம்தான். நியாயத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அடித்தது. மலை இறங்கியதிலிருந்து சிக்னல் இல்லை, இங்கே வந்ததும் கிடைத்துவிட்டது. என் மனைவி.

அண்ணன் சாப்பிட்டாரா என்றாள்.

"சாப்பிட்டார்."

"குடுங்க, பேசறேன்."

"தூங்கறார்."

"பகல்ல தூங்க மாட்டாரே," என்றாள். வெயில் அசதி என்றேன். இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன எந்தப் பொய்யும் அவளிடம் நின்றதில்லை. எழுந்ததும் பேசச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நம்பியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாள்.

இரண்டு பத்துக்கு சரக்கு ரயில் வந்தது. என் மகள் அது நிற்பதற்குள் எஞ்சின் பக்கத்தில் ஓடினாள். டிரைவர் நல்ல மனிதர், தகவல் கிடைத்ததும் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். தொட்டிக்கிட்டே நிறுத்தி ஊதிக்கூடப் பார்த்தாராம்.

"யாரும் இல்லம்மா. ஒரு காக்காகூட இல்ல," என்றார்.

என் மகள் எஞ்சினின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். எதைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

ட்ராலியில் நாலு பேருக்குத்தான் இடம். ஓட்ட இரண்டு ஆள் வேண்டும், திரும்பும்போது மச்சானுக்கு ஒரு இடம் வேண்டும். மீதி ஒன்று. நான் ஏறப் போனேன். மேனேஜர் என் தோளில் மெதுவாகக் கை வைத்து, பெரியவர் வெயிலில் விழுந்தால் இரண்டு பேரைத் தூக்க வேண்டிவரும் என்று சொல்லி, தானே ஏறிக்கொண்டார். மேல் அதிகாரிக்கு இது அனாவசியமான கஷ்டம். ஏன் இவரே போகிறார் என்று அப்போதே ஒரு முள் குத்தியது. குத்தியதைத் தள்ளி வைத்தேன்.

அப்புறம் இரண்டு மணி நேரம். பெஞ்சில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் மகள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. கைக்குட்டையைச் சின்னச் சின்னதாக மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பதினொன்றே முக்கால் என்றேன். ஒவ்வொரு தடவையும் விரல் விட்டு மணியைக் கூட்டினாள். ஒவ்வொரு தடவையும் கூட்டுத்தொகை பெரிதாகிக்கொண்டே போனது.

நாலரைக்குத் தண்டவாளத்தின் கோடியில் ஒரு புள்ளி தெரிந்தது. கானல் அதைத் தூக்கியது, இறக்கியது, இரண்டாக வெட்டியது. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. போனதும் மூன்று பேர்தான். மறுபடி எண்ணினேன். மூன்றுதான். என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. கிட்டே வர வரத்தான் தெரிந்தது, மேனேஜரின் மடியில் ஒரு தலை இருந்தது. கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டிருந்தார்.

கோட்டு அசைந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

*

தூக்கி வந்து ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் படுக்க வைத்தார்கள். உதடு வெடித்திருந்தது. உடம்பெல்லாம் வெள்ளையாக மணல். என் மகள் சர்க்கரை கரைத்த தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். அரைமணியில் கண்ணுக்கு ஒளி வந்தது. என்னைப் பார்த்து, "மணி என்ன மாப்ள," என்றார். ஐந்து என்றேன். நான் அழவில்லை. கண்ணில் மணல்.

எங்கே கிடைத்தார் என்று மேனேஜர் சொன்னார். தொட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தண்டவாளத்துக்கு அடியில் போகும் ஒரு சிமென்ட் குழாய்க்குள் சுருண்டிருந்தாராம். அதனால்தான் சரக்கு ரயில்காரர் கண்ணில் படவில்லை. எந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர் என்று கேட்டேன். மலைப் பக்கம் என்றார். நாங்கள் போனதற்கு எதிர்ப் பக்கம்.

பிறகு மேனேஜர் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். வரும் வழியிலேயே எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. பயணி தன் குடையைத் தானே ஒப்படைத்துவிட்டு, பாலைவனத்தைத் தனியாகப் பார்க்கும் ஆசையில், தன் சொந்த விருப்பத்தின்பேரில் பின்தங்கினார், இதில் பணியாளர் மீது தவறில்லை என்று இருந்தது. கீழே மச்சானின் கையெழுத்து, கோணலாக. சாட்சிக்கு ஒரு கோடு காலியாக.

என் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவள் அழுதது அப்போதுதான்.

நான் மச்சானிடம் நேராகக் கேட்டேன், நீங்களா வேண்டுமென்று நின்றீர்கள் என்று.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "என் சொந்த விருப்பத்தின்பேரில்தான் மாப்ள," என்றார்.

வாழ்நாளில் அந்த மனிதர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மலைப் பக்கம் எதற்கு நடந்தீர்கள் என்றேன். மறுபடி மேனேஜரைப் பார்த்தார். காற்று வாங்க என்றார். போர்வைக்கு அடியில் அவர் கை என் சுண்டு விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் பயந்திருந்தது.

எதற்குப் பயம்? நினைவு தப்பி எதிர்ப்பக்கம் நடந்ததைத் தங்கைக்குச் சொல்லிவிடுவேனோ என்றா? மருமகள் வேலை போய்விடும் என்று யாரோ சொன்னதாலா? ட்ராலியில் வந்த அந்த முக்கால் மணி நேரத்தில், சர்க்கரை இறங்கிக் கண் சொருகிக் கிடந்தவர் கையில் பேனாவைக் கொடுத்தவர், அதற்கு முன்னால் தண்ணீரைக் கொடுத்தாரா?

மேனேஜர் பேனாவை என்னிடம் நீட்டினார். ஒரு சாட்சிக் கையெழுத்து, அத்தோடு வண்டி கிளம்பிவிடும், உங்கள் மகளுக்கும் ஒரு குறையும் வராது என்றார், அதே பஞ்சுக் குரலில்.

"குடைய வச்சது நான்," என்றேன். "அத உங்ககிட்டயே சொன்னேன். இதுல அவரே வச்சதா எழுதியிருக்கு. ஒரு வரி பொய்யின்னு எனக்கே தெரியுது. மத்த வரிய நான் எப்படி நம்பறது?"

"அப்பா, விட்டுடுங்கப்பா," என்றாள் மகள். "மாமாதான் உயிரோட வந்துட்டாரே. போடுங்கப்பா."

அவள் கண்ணைப் பார்த்தால் போட்டுவிடுவேன் என்று தெரிந்தது. அதனால் பார்க்கவில்லை. மச்சானின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அந்தக் கையை அவள் கையில் வைத்தேன். விட்டுவிடாதே என்றேன்.

"எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் சார்," என்று மேனேஜரிடம் சொன்னேன். "அதனாலதான் போடல."

நீட்டிய பேனா நீட்டியபடி இருந்தது. நான் வெளியே வந்தேன். கை பம்புக்குப் பக்கத்தில் ட்ராலி ஓட்டிய இரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நோக்கி நடந்தேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் நடையை நிறுத்தவில்லை.